காகிதச் சோதனை ஸ்கேனருக்குள் போனபின் கோளாறா? அறிகுறி வழியே பிழை நீக்கும் வழிமுறை

நினைவு, கவனம், மொழி ஆகியவற்றை அளப்பதற்காகப் பென்சிலும் தாளும் கொண்டு நடத்தப்படும் சோதனைகளை, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று வண்ணத்தில் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்கு ஏற்றவாறு மாற்றும்போது வரும் கோளாறுகளை, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடிப் போகும் முறையில் இங்கே எழுதியிருக்கிறேன். நாகர்கோவிலில் காகிதச் சோதனைகளை நடத்திவிட்டு, அதே ஆட்களோடு இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் ஸ்கேன் அறையின் கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. படத்தில் தெரியும் கோளாறுகளில் பல எந்திரத்தில் பிறப்பவை அல்ல. தாளில் அச்சாகாமல் தாளோடு சேர்ந்தே இருந்த மூன்றை, அதாவது எதிரில் உட்கார்ந்து தவறைச் சுட்டிக்காட்டும் சோதனையாளரையும், எழுதுபவரின் கையையும், அவரவர்க்கு இயல்பான வேகத்தையும், நாம் ஸ்கேனர் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். பிறகு அவை இல்லாத குறை வண்ணப் புள்ளிகளாகவோ வெறுமையாகவோ படத்தில் வந்து நிற்கிறது.

எந்த அறிகுறியானாலும் தேடும் வரிசை ஒன்றுதான். முதலில் ஸ்கேனருக்குள் படுத்தவர் அழுத்திய பட்டன் பதிவைத் திறந்து, அவர் சோதனையைச் செய்தாரா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாகத் தலை அசைவின் ஆறு கோடுகளையும் (மூன்று திசை நகர்வு, மூன்று திசைச் சுழற்சி), மூன்றாவதாகச் சோதனை தொடங்கிய நேரமும் ஸ்கேன் தொடங்கிய நேரமும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். வண்ணப் படத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, புள்ளியியல் வரம்பைக் கூட்டியும் குறைத்தும் ஒரு நாளைக் கழிக்கிறார்கள்.

அறிகுறி: அவர் ஒழுங்காகச் செய்தார், படத்தில் எதுவும் ஒளிரவில்லை

முதல் சந்தேகம் சுற்றின் நீளத்தின் மேல் விழ வேண்டும். எண்ணுக்கு உரிய குறியை எழுதும் சோதனை தாளில் 90 விநாடியோ 120 விநாடியோ ஓடும். ஒரு வகையையோ எழுத்தையோ கொடுத்துச் சொற்களை அடுக்கச் சொல்லும் சோதனைக்கு 60 விநாடி. அந்த நேரத்தை அப்படியே ஸ்கேனருக்குள் கொண்டுபோய், 90 விநாடி வேலை, 60 விநாடி ஓய்வு என்று அமைத்தால் ஒரு சுற்றுக்கு 150 விநாடி ஆகிறது. ஸ்கேனரின் சமிக்ஞை, யாரும் எதுவும் செய்யாதபோதும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் தன்மை உடையது என்பதால், எஸ்.பி.எம். போன்ற, படங்களைப் பகுத்தாயும் மென்பொருள்கள் 128 விநாடியை விட நீண்ட ஏற்ற இறக்கங்களை வழக்கமான அமைப்பிலேயே வடிகட்டி எறிந்துவிடுகின்றன. நாம் தேடிய விளைவும் அந்தக் குப்பையோடு சேர்ந்து போயிருக்கும். வேலையை 20 முதல் 30 விநாடித் துண்டுகளாக நறுக்கி, இடையே அதே அளவு ஓய்வோ, கழித்துப் பார்ப்பதற்கான எளிய ஒப்பீட்டு வேலையோ வைத்து, நான்கைந்து முறை திரும்பச் செய்வதே இதற்கு மருந்து.

இரண்டாவது சந்தேகம் தொடக்க நேரம். செய்ஜி ஒகாவா 1990இல் விளக்கிய இரத்த ஆக்சிஜன் விளைவைத்தான் நாம் படமாக்குகிறோம். நரம்புகள் வேலை செய்த பிறகு அந்த விளைவு உச்சத்தைத் தொட ஐந்து, ஆறு விநாடிகள் ஆகும். மென்பொருள் இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் நாம் சொல்லாத தாமதத்தை அதனால் ஊகிக்க முடியாது. சமிக்ஞை நிலைபெறுவதற்காக எந்திரம் முதலில் எடுத்து வீசும் இரண்டு படங்களைச் சேர்த்து எண்ணுவதா விட்டு எண்ணுவதா என்பதில் குழப்பம் வந்தால், ஒரு படத்துக்கு 2 விநாடி என்ற கணக்கில் நான்கு விநாடி பிசகிவிடும். 20 விநாடித் துண்டுகளில் இது விளைவை மங்கச் செய்யும். ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனி நிகழ்வாகக் கணக்கிடும் அமைப்பில் விளைவையே தின்றுவிடும்.

இரண்டும் சரியாக இருந்து, மொழிப் பகுதி மட்டும் வெறுமையாக இருந்தால், ஓய்வு என்று நாம் பெயர் வைத்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியின் படம் இப்படித்தான் இருந்தது. பதிவில் குறையில்லை, அசைவும் இல்லை. வெளியே வந்து உட்கார்ந்ததும், "நடுவுல ஒண்ணும் வராதப்போ என்ன செஞ்சீங்க, பாட்டி?" என்று கேட்டேன். "சிலுவைய காட்டுனியள்லா மக்கா, அப்பப்போ செபம் சொல்லிக்கிட்டேன்" என்றார். ஓய்வுத் திரையின் நடுவே கண்ணை நிறுத்துவதற்காக உலகெங்கும் வைக்கப்படும் கூட்டல் குறி அது. மனத்துக்குள் சொல்லும் செபமும் மொழிதான். சொற்களைத் தேடும் வேலையிலிருந்து செபத்தைக் கழித்தால் மிச்சம் சுழியமாகத்தான் வரும். அன்றிலிருந்து கூட்டல் குறியை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டப் புள்ளி வைக்கிறேன். அதையும் வெறுமனே பார்க்கச் சொல்லாமல், புள்ளி பெரிதாகும்போது பட்டனை அழுத்தச் சொல்கிறேன். சொற்களை அடுக்கும் சோதனையில் இது இன்னும் தேவைப்படுகிறது. "நிறுத்துங்கள்" என்று திரையில் வந்தாலும் மனம் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: கைக்குரிய பகுதி மட்டும் பளிச்சென்று தெரிகிறது

வலக்கையால் அழுத்துகிறவருக்கு இடப்பக்க இயக்கப் புறணியும் வலப்பக்கச் சிறுமூளையும் ஒளிர்ந்து, கவனத்துக்கும் நினைவுக்கும் உரிய இடங்கள் மங்கியிருந்தால், ஒப்பீட்டு வேலையில் பட்டன் இல்லை என்று பொருள். ஒப்பீட்டு வேலையிலும் அதே விரலால், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் அழுத்தும்படி அமைக்க வேண்டும். எண்ணும் குறியும் பொருந்துகின்றனவா என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டு பட்டன்கள் கொடுத்தால், ஒப்பீட்டில் இரண்டு குறிகளைக் காட்டி ஒன்றா வேறா என்று கேட்கலாம். ஆம், இல்லை என்ற அமைப்பில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் பாதி சரியாகிவிடும் என்பதால், 50 சதவீதத்தை ஒட்டிய மதிப்பெண்ணைச் செய்ததாகவே கணக்கில் எடுக்கக் கூடாது.

அறிகுறி: மூளையின் விளிம்பைச் சுற்றி வளையம்

ஒரு பக்க விளிம்பில் சிவப்பும் எதிர்ப் பக்க விளிம்பில் நீலமும் பிறை போலத் தெரிந்தால், அது தலை அசைவு. இரண்டு மில்லிமீட்டர் அசைவே தொல்லை. நாம் எடுக்கும் படத்துணுக்கு ஒன்றின் பக்கமே சுமார் மூன்று மில்லிமீட்டர்தான். அசைவு எவ்வளவு என்பதை விட எப்போது என்பதுதான் கேள்வி. ஆறு கோடுகளையும் சோதனையின் நேரக்கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால், வேலை தொடங்கும்போதெல்லாம் கோடும் துள்ளுகிறதா என்பது தெரிந்துவிடும். எங்கோ ஓர் இடத்தில் இருமியதால் வந்த துள்ளல் என்றால் அந்தப் படங்களை விட்டுவிடலாம். வேலையோடு ஒட்டிய துள்ளல் என்றால், அசைவுக் கோடுகளைப் புள்ளியியல் மாதிரியில் சேர்த்துக் கழிக்கும்போது உண்மையான விளைவும் அவற்றோடு கழிந்துபோகும். அதற்குப் பின் மென்பொருளில் செய்வதற்கு அதிகம் இல்லை. சோதனையைத்தான் மாற்ற வேண்டும்.

வாய்விட்டுச் சொல்லும் சோதனைகளில் தாடை அசைவு தலையையும் இழுக்கும். மனத்துக்குள் சொல்லச் சொல்வது ஒரு வழி. அவர் சொன்னாரா என்பதற்குச் சாட்சி இல்லாமல் போவது அதன் குறை. இரத்த விளைவின் தாமதத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்வது இன்னொரு வழி. எந்திரம் சில விநாடி படமெடுக்காமல் அமைதியாக இருக்கும் இடைவெளியில் அவர் சொல்லை வாய்விட்டுச் சொல்லிவிடுவார். பேச்சு முடிந்து தலை நின்ற பிறகு எந்திரம் படமெடுக்கும். அதற்குள் விளைவு உச்சத்தை நெருங்கியிருக்கும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் 100 டெசிபெலைத் தாண்டும் இரைச்சல் அந்த இடைவெளியில் அடங்குவதால் அவர் சொன்னது நமக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது உபரி ஆதாயம்.

நம் ஊருக்கே உரிய அசைவு ஒன்றும் உண்டு. இடையில் மைக்கில், "சரியா அம்மா, அடுத்தது போகலாமா?" என்று கேட்டால் அவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். மரியாதைக்காக ஆட்டும் ஆட்டம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே தலை இருக்கும் இடம் மாறிப்போவதற்கு இதுவே காரணம் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இப்போதெல்லாம் காகிதச் சோதனை முடிந்த உடனேயே, மேசையில் தலைக்கு இரு பக்கமும் துண்டை வைத்துப் படுக்கச் சொல்லி, "நான் கேட்டா தலைய ஆட்ட வேண்டாம், சரின்னா ஒரு தடவ பட்டன அமுக்குங்க, செரியில்லன்னா ரெண்டு தடவ" என்று ஐந்தாறு முறை பழக்கிவிடுகிறேன். ஒத்திகை ஸ்கேனர் இல்லாத இடத்தில் இவ்வளவாவது செய்யலாம்.

அறிகுறி: வெளியே நன்றாகச் செய்தவர் உள்ளே தடுமாறுகிறார்

மூளையைச் சந்தேகிக்கும் முன் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும். படுத்திருப்பவர், தலையைச் சுற்றி மாட்டும் சட்டமான தலைக் காயிலின் மேல் சாய்வாகப் பொருத்திய கண்ணாடி வழியாகத் தன் தலைக்குப் பின்னால் தொலைவில் இருக்கும் திரையைப் பார்க்கிறார். தாள் வாசிக்கப் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடி அந்தத் தூரத்துக்குப் பொருந்தாது. இரட்டைக் கண்ணாடி போட்டிருப்பவர் தொலைவைப் பார்ப்பதற்கான அதன் மேல்பாதியின் எண்ணைச் சொல்ல வேண்டும்; உலோகச் சட்டமும் உள்ளே போகக் கூடாது. பிளாஸ்டிக் சட்டத்தில் மாற்றிப் பொருத்தும் வில்லைகள் ஸ்கேன் அறையில் இருக்கின்றனவா என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது காட்சியின் பரப்பு. ஏ4 தாளை 40 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் அதன் அகலம் கண்ணில் சுமார் 30 பாகையும் உயரம் சுமார் 40 பாகையும் பிடிக்கும். கண்ணாடி வழியே தெரியும் திரை பெரும்பாலும் அதைவிடச் சிறியது. எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்கும் சோதனையின் 25 வட்டங்கள் கொண்ட தாளை அப்படியே சுருக்கினால் அவர் எண்ணைத் தேடும் நேரத்தை விட, எண்ணைப் படிக்க முயலும் நேரமே மிகும். ஒரு திரைக்கு 12 முதல் 15 வட்டங்கள் போதும் என்பது என் அனுபவம்.

திரையில் வலம் இடமாக மாறியிருக்கிறதா என்பதையும் ஒரு முறை படுத்துப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். இதைச் சோதிக்க 'ப' அல்லது 'ஃ' எழுத்தை வைக்கக் கூடாது. இரண்டும் கண்ணாடியில் திரும்பினாலும் அப்படியே இருக்கும் எழுத்துகள். 'க' அல்லது 'ட' வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

அதன்பின் ஆளின் களைப்பு. நாகர்கோவிலில் காலை பத்து மணிக்குக் காகிதச் சோதனை செய்தவரும், விடியற்காலையில் குலசேகரத்திலிருந்து கிளம்பி இரண்டு பேருந்து மாறி, வெறும் வயிறோடு மதியம் ஸ்கேனருக்குள் படுத்தவரும் ஒரே ஆளாக இருந்தாலும் ஒரே நிலையில் இல்லை. ஒப்பிட வேண்டிய இரண்டு மதிப்பெண்களையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுப்பது நல்லது. தாளை முதலில் செய்தால் பழக்கத்தின் ஆதாயம் ஸ்கேனருக்குப் போய்விடும் என்பதால், வேறு வரிசையில் அமைந்த மாற்றுப் படிவம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

எஞ்சியது சோதனை அறிவுறுத்தலின் மொழி. "இச்சொற்களை நினைவில் இருத்திக்கொள்ளவும்" என்று திரையில் வந்தால் கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பக்கத்து முதியவர் தயங்குகிறார். "ஓர்மையில வச்சுக்கிடுங்க" என்றால் அந்த நொடியே பிடித்துக்கொள்கிறார். தாளில் சோதனை நடக்கும்போது, முகத்தைப் பார்த்து நாம் அறியாமலேயே வார்த்தையை மாற்றிச் சொல்லிவிடுகிறோம். திரைக்கு முகம் தெரியாது. அதனால் அறிவுறுத்தல் முழுவதையும் வெளியிலேயே அவருடைய பேச்சில் சொல்லி, அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேட்டு, உள்ளே ஒரே ஒரு சொல்லை மட்டும் நினைவூட்டலாகக் காட்ட வேண்டும்.

அறிகுறி: எண்ணையும் எழுத்தையும் மாறி மாறி இணைப்பதில் பாதியிலிருந்து எல்லாம் தவறு

1944ஆம் ஆண்டின் அமெரிக்க ராணுவச் சோதனைத் தொகுப்பிலிருந்து வந்த இந்தத் தடம் இணைக்கும் சோதனையின் இரண்டாம் பகுதியில், 1 முதல் 13 வரையான எண்களும் 12 எழுத்துகளும் மாறி மாறி வரும். தமிழில் உயிரெழுத்துகளும் சரியாகப் பன்னிரண்டு என்பதால், 1-அ-2-ஆ என்று தொடங்கி ஔ-13 என்று முடிப்பதைப் பார்த்தால் அளந்து தைத்தது போல இருக்கும். நானும் அந்த அழகில் மயங்கி முதலில் அப்படியேதான் செய்தேன். எ-ஏ, ஒ-ஓ என்ற இரண்டு இணைகளில் ஆட்கள் தடுமாறினார்கள். சிறு கோடும் சுழியும்தான் அவற்றுக்குள் வேற்றுமை. சுருங்கிய திரையில், கண்ணாடி வழியே, அறுபது வயதுக் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒலியும் குறில் நெடில் என்ற அளவில்தான் வேறுபடுகிறது. அங்கே கூடிய நேரம் மனம் தடம் மாறும் உழைப்புக்கான நேரம் என்று எழுதினால் அது பொய். இப்போது 'ஈ' வரை மட்டும் எழுத்துகளை வைத்துக்கொண்டு, எட்டு வட்டங்கள் கொண்ட சிறு திரைகள் பலவற்றைக் காட்டுகிறேன். படிக்காதவர்களுக்கும், சிறு வயதில் மலையாளப் பள்ளியில் படித்தவர்களுக்கும் எழுத்தே வேண்டாம் என்று விட்டு, இளஞ்சிவப்பு, மஞ்சள் வட்டங்களை மாறி மாறித் தொடும் வண்ணத் தடச் சோதனையின் முறைக்குப் போய்விடுவது மேல். 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. அதற்கு முன் பள்ளிக்குப் போன தலைமுறையில் இரண்டு வகை ஆட்களும் இருக்கிறார்கள்.

பாதியிலிருந்து எல்லாமே தவறாகப் போவதற்கு வேறொரு காரணம் உண்டு. தாளில் 4க்குப் பிறகு 5க்குக் கோடு இழுத்தால் சோதனையாளர் அங்கேயே நிறுத்திச் சரியான வட்டத்துக்குத் திருப்பிவிடுவார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தவறின் விலை நேரமாக மதிப்பெண்ணில் சேரும். ஸ்கேனருக்குள் திருப்பிவிட ஆள் இல்லை. ஒரு முறை பிசகியவர் பிசகிய வரிசையிலேயே கடைசி வரை போகிறார். நமக்கு ஒரு தவறுக்குப் பதில் ஒன்பது தவறுகள் வந்து சேர்கின்றன. சரியான வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை சுட்டி நகராதபடியும், தவறினால் அந்த வட்டம் ஒரு முறை மங்கி எழும்படியும் நிரலை எழுதினால், சோதனையாளரின் கையைத் திரைக்குள் வைத்ததாகும். தவறு நிகழ்ந்த நேரங்களைத் தனி நிகழ்வாகக் குறித்து, கணக்கில் பிரித்து வைக்கவும் வேண்டும்; தவறை உணரும்போது மூளையில் எழும் விளைவு தடம் மாறும் விளைவோடு கலந்துவிடக் கூடாது.

அறிகுறி: திரையில் தமிழ் எழுத்து உடைகிறது

ஸ்கேன் அறையின் கணினியில் உள்ள பழைய மென்பொருள், 'கொ' என்பதைக் கொம்பு தனி, கால் தனி எனப் பிரித்துப் புள்ளி வட்டத்தோடு காட்டும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் போராட வேண்டாம். எல்லாச் சொற்களையும் நம் கணினியிலேயே படங்களாக மாற்றி எடுத்துச் சென்றால் எங்கேயும் ஒரே மாதிரி தெரியும். படமாக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளியை வழக்கத்தை விடத் தடிப்பாக வைக்க வேண்டும். ஒளி மங்கிய புரொஜெக்டரில் முதலில் மறைவது அதுதான்; புள்ளி மறைந்தால் 'நாய்' 'நாய' ஆகிவிடும், சொல்லா சொல் அல்லாததா என்று கேட்கும் சோதனையில் விடையே தலைகீழாகும்.

அறிகுறி: ஸ்ட்ரூப் சோதனையில் தடங்கலே தெரியவில்லை

பச்சை மையில் 'சிவப்பு' என்று எழுதியிருந்தால் மையின் நிறத்தைச் சொல்வது தாமதமாகும் என்பது 1935இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனையின் சாரம். அவர் வாயால் சொல்லச் செய்தார். நாம் விரலால் அழுத்தச் சொல்கிறோம். விரலுக்கு மாற்றினாலே தடங்கல் ஓரளவு குறைந்துவிடும். அதைச் சகித்துக்கொள்ளலாம், எந்த விரல் எந்த நிறத்துக்கு என்பதை அவர் நினைவில் தேடிக்கொண்டிருப்பதைச் சகிக்கக் கூடாது. சொற்கள் இல்லாத வெறும் வண்ணப் பட்டைகளைக் காட்டி, பத்துக்கு ஒன்பது சரியாகும் வரை வெளியே பழக்கிய பிறகே உள்ளே அனுப்ப வேண்டும். கண்புரை முற்றியவருக்கு நீலம் மங்கித் தெரியும் என்பதையும் அந்தப் பழக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தடங்கல் இல்லை என்றால் நான் மகிழ்ச்சி அடைவதில்லை. அவருக்குத் தமிழ் வாசிப்பு எழுத்துக்கூட்டும் நிலையில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். சொல் தானாக மனத்தில் ஓடினால்தானே நிறத்தைத் தடுக்கும்? எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்குத் தடுக்க எதுவும் இல்லை. இப்படிப்பட்டவரின் மதிப்பெண்ணைச் சிறந்த கவனக் கட்டுப்பாடு என்று எழுதிவிட்ட அறிக்கையைக் கண்டிருக்கிறேன். சோதனைக்கு முன் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி நேரம் பார்த்தால் இந்தப் பிழை வராது.

அறிகுறி: சொற்களை அடுக்குவதில் எண்ணிக்கை நம்ப முடியாததாக இருக்கிறது

ஆங்கிலத்தில் 'விலங்குகள்' என்று கேட்கும்போது பறவை, மீன், பூச்சி எல்லாம் கணக்கில் சேரும். தமிழில் விலங்கு அல்லது மிருகம் என்றால் கோழியையும் காக்கையையும் சொல்லத் தயங்குவார்கள். மொழிபெயர்த்த ஒரு சொல்லால் வட்டம் பாதியாகிவிட்டது. அதன்பின் வெளிநாட்டு அளவீட்டோடு ஒப்பிட்டால் எல்லோருக்கும் குறைபாடு இருப்பது போலத் தெரியும். "உயிருள்ளது, நடக்கிறது, பறக்கிறது, நீந்துகிறது எல்லாம் சொல்லலாம்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. குளச்சலில் கடலுக்குப் போகிறவரிடம் மீன்களைச் சொல்லச் சொன்னால் நெத்திலி, சாளை, அயிலை, சூரை, வாளை, பாரை, கணவாய் என்று நிறுத்தாமல் போவார். தேடும் உழைப்பே இல்லாததால் மூளையின் முன்மடல் எதிர்பார்த்த அளவு ஒளிராது. தோவாளையில் பூக்கட்டுகிறவருக்குப் பூக்கள் வகையும் அப்படித்தான். தொழிலுக்கு அப்பாற்பட்ட வகையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுத்தைக் கொடுத்துச் சொல் கேட்கும்போது, படி, படித்தான், படிப்பு என்று ஒரே வேரிலிருந்து அடுக்குவதை ஒன்றாக எண்ணுவதா மூன்றாக எண்ணுவதா என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அவருக்கும் சொல்லிவிட வேண்டும். மலையாளச் சொல் இடையில் வந்தால் நான் அதை எண்ணிக்கொள்கிறேன். விளவங்கோட்டுக்காரர் வெள்ளம் என்று சொல்லும்போது எந்த மொழியில் சொன்னார் என்று அவராலேயே சொல்ல முடியாது. மனத்துக்குள் சொல்லும் அமைப்பு என்றால், வெளியே வந்தவுடன் அதே எழுத்துக்கு வாய்விட்டு ஒரு முறை சொல்லக் கேட்பது குறைந்தபட்சச் சாட்சி.

அறிகுறி: படத்தில் கரும்பள்ளம்

கண்குழிக்கு மேலேயும் காதுக்கு மேலேயும் இருக்கும் பள்ளங்கள் காற்றறைகளால் வருபவை; எல்லோருக்கும் இருக்கும்; சோதனையை மாற்றித் தீராது. வேறு இடத்தில் இருந்தால் உலோகம். பின்தலையில் கைப்பிடி அளவு கருமை தெரிந்த ஒரு படத்துக்குக் காரணம், தலைநிறைய வைத்திருந்த பிச்சிப்பூவுக்கு அடியில் செருகிய ஒற்றை ஹேர்பின். பூவை எடுக்கச் சொல்லத் தயங்கிய கூச்சத்துக்கு அரை நாள் விலை. ஹேர்பின் பறந்து போய் எங்கும் குத்தாதது அதிர்ஷ்டம். சேலைத் தலைப்பின் ஊக்கு, அரைஞாண், தாயத்து, இரும்பு ஆக்சைடு கலந்த கண்மை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், "உலோகம் ஏதும் இருக்கிறதா?" என்ற பொதுக் கேள்விக்கு எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். வெல்டிங் வேலை செய்தவராக இருந்தால் கண்ணில் துகள் இருக்கக்கூடும் என்பதை ஸ்கேன் பொறுப்பாளரிடம் சொல்லாமல் ஒரு அடியும் முன்னே போகக் கூடாது. நம் பையில் இருக்கும் பரீட்சை அட்டையையும் மறக்கக் கூடாது. அதன் இரும்புக் கிளிப் காந்த அறையில் எறிகுண்டு.

அறிகுறி: வரைய வேண்டிய சோதனைக்கு வழியே தெரியவில்லை

கடிகாரம் வரைவதையும், கோடுகளும் வடிவங்களும் பின்னிய, 36 புள்ளிக்கு மதிப்பிடப்படும் ரே-ஆஸ்டெரீத் சிக்கல் உருவத்தை நகலெடுப்பதையும் பட்டனுக்கு மாற்ற முடியாது. டொராண்டோ ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டது போன்ற, காந்த அறைக்கு ஒத்துப்போகும் தொடுபலகையும் எழுதுகோலும் இருந்தால் வரைய வைக்கலாம். அப்போதும் தன் கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரையும் உழைப்பு தனியாகச் சேரும் என்பதால், வெறும் வட்டத்தைத் தடம்பிடித்து வரைவதை ஒப்பீடாக வைக்க வேண்டும். மேற்கையின் அடியில் ஒரு தலையணை இருந்தால் தோள் அசைவு தலைக்கு ஏறாது.

பலகை இல்லாத இடத்தில் நான் செய்வது, நேரத்தைச் சொல்லி, முட்களுக்கு இடையிலான கோணம் எந்தக் கடிகாரத்தில் பெரிது என்று கேட்பது: பத்து மணி பத்து நிமிடமா, மூன்று மணி ஐந்து நிமிடமா என்பது போல. இதில் திட்டமிடுதலும் கையும் இல்லை; மனத்தில் உருவத்தை எழுப்புவது மட்டுமே மிஞ்சுகிறது. எனவே அறிக்கையில் இதற்குக் கடிகாரம் வரைதல் என்ற பெயரைப் போடக் கூடாது; கடிகாரக் கோண ஒப்பீடு என்று எழுதி, காகிதச் சோதனைக்கென வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ப வகுத்த அளவீடுகளை இதன் பக்கத்தில் வைக்காமல், வெளியே மேசையில் பென்சிலால் வரைந்த கடிகாரத்தின் மதிப்பெண்ணைத் தேதியோடு தனி வரியில் கொடுக்க வேண்டும்.